மேடில்லாத சாலை

திங்கட்கிழமை காலைத் திருப்பலி முடிந்ததும் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு புறப்படுவது என் நெடுநாள் வழக்கம். மருத்துவரின் அறிவுரை என்று பங்கு மக்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் அது ஆசைதான். வீரபாண்டியன்பட்டினம், காயல்பட்டினம், ஆறுமுகநேரி, ஆத்தூர், சேர்ந்தபூமங்கலம் வழியாகப் புன்னைக்காயல் வரை ஏற்றம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஐம்பதைக் கடந்த முழங்கால்களுக்கு இதைவிட இரக்கமுள்ள பாதை ஏது? ஆடி மாதத்து மேல்காற்று மட்டும் அவ்வப்போது ஒரு மலையாக எதிரே வந்து நிற்கும்.

காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களைக் கடந்தால், ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளங்கள். பாத்தியின் தரை ஒரே மட்டமாக அமைய, தொழிலாளர்கள் சேற்றைக் காலால் மிதித்து மிதித்துப் பதப்படுத்துவார்கள். ஆத்தூரில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். பாதையின் முடிவில், 1586-இல் அன்றிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ அச்சேறிய புன்னைக்காயல். 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார் மணலில் கால் புதைய நடந்தார். நானோ தார்ச்சாலையில் உருண்டு செல்கிறேன். இந்த ஒப்பீடு ஒவ்வொரு வாரமும் என்னைச் சற்றே கூசச் செய்யும்.

2023 டிசம்பர் 10, திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. முதல் வாசகம் எசாயா நாற்பதாம் அதிகாரம்: மேடுபள்ளங்கள் சமமாக்கப்பட்டு ஆண்டவருக்கு வழி ஆயத்தமாவது பற்றியது. எனக்குப் பிடித்தமான பகுதி. நம் ஊர்ச் சாலையையே உவமையாக்கி, சமநிலத்தின் அருமையை நீட்டி முழக்கினேன்.

அடுத்த ஞாயிறு மழை பிடித்தது. திங்கள் காலை வரையான இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 சென்டிமீட்டர். ஆண்டு முழுவதும் இங்கே பெய்யும் மழையைவிட அது மிகுதி. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரைமீறியது, சாலை எது, அளம் எது என்று தெரியவில்லை. வழக்கமாகப் புறப்படும் நேரத்தில் நான் மாடியில் நின்றுகொண்டிருந்தேன். மிதிவண்டி கீழே நீருக்குள் கிடந்தது.

மூன்று வாரம் கழித்து அதைக் காயல்பட்டினத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குத் தள்ளிச் சென்றேன். ஊரார் காக்கா என்றழைக்கும் அந்தப் பெரியவரின் கடையிலும் நீர் புகுந்திருந்தது; வாசலில் துருப்பிடித்த சங்கிலிகள் குவிந்துகிடந்தன. பின்சக்கரத்தின் அச்சைக் கழற்றியபோது பால்ரசுகளோடு சேறும் கொட்டியது. சமதரையாக இருந்தும் ஊர் இப்படிப் பாழாகிவிட்டதே என்றேன். அவர் நிமிராமலே சொன்னார்:

“உங்களுக்கு மிதிக்க லேசு, ஃபாதர். தண்ணிக்கு ஓடணும்னா கொஞ்சமாவது சரிவு வேணுமே.”

இறையியல் கல்லூரியில் எசாயாவை எங்களுக்கு விரிவாகவே கற்பித்தார்கள். ஆயினும் சமமான நிலத்தில் வந்த வெள்ளம் வடியாது தேங்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை; வண்டியில் போகிறவனின் கண்ணால் மட்டுமே அந்த வாசகத்தைப் படித்திருக்கிறேன். அதை மறு ஞாயிறு மறையுரையில் ஒப்புக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர், அவர் வீட்டுச் சுவரில் இடுப்பளவு நீர்க்கறை இன்னும் காயாதிருந்தது, தலையை மட்டும் அசைத்தார்.

திங்கள் பயணம் தொடர்கிறது. இப்போது சிறுபாலம் கண்டால் இறங்கிவிடுகிறேன். குனிந்து பார்த்தால் பெரும்பாலும் உடைமுள்ளும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருக்கும். அடைத்தவற்றைக் குறித்துக்கொள்ளச் சிறு நோட்டு ஒன்று சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். புன்னைக்காயல் போய்ச்சேர முன்பைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகிறது.