கீறலையும் சேர்த்து எடுங்கள்

கும்பகோணத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சிவன் கோயிலின் பெயரை எழுத வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். உள்ளே பழைய ஐம்பொன் திருமேனிகள் இருக்கின்றன. பூட்டோ ஒன்றே ஒன்று. குடமுழுக்குக்கு முன் எல்லாத் திருமேனிகளையும் படம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று முடிவாகி, நெடுநாள் ஸ்டூடியோ நடத்திய ஒரு பெரியவரை வரவழைத்திருந்தார்கள். அவர் வேலையைப் பார்க்க நானும் போயிருந்தேன்.

பழைய டிஜிட்டல் கேமரா, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், கனத்த ஸ்டாண்டு, இரண்டு தெர்மோகோல் அட்டை, சலவை வேட்டி, அளவுகோல், டார்ச். அவ்வளவுதான் அவருடைய சாமான். ஃப்ளாஷ் கிடையாது. எண்ணெய் ஊறிய உலோகத்தில் ஃப்ளாஷ் பட்டால் வெள்ளைத் திட்டாக அடித்துவிடும். அந்தத் திட்டுக்கு அடியில் இருப்பது படத்தில் வராது. மண்டபத்தின் கிழக்கு வாசலில் நுழையும் வெளிச்சத்தை அவருடைய பேரன் தெர்மோகோலில் வாங்கிச் சாமியின் இடது தோளுக்குத் திருப்பினான். அப்பர்ச்சர் 11, ஐ.எஸ்.ஓ. 100. ஷட்டர் ஒரு விநாடிக்கு மேல் திறந்திருக்கும். "யாரும் குறுக்க வராதீங்க, நிழல் விழும்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்.

அம்பாளின் முறை வந்தபோது வேலை நின்றது. "புடவையைக் களையணும், குருக்களே" என்றார் பெரியவர்.

"அபிஷேகத்துலகூட ஒரு துண்டு சாத்தித்தானே பண்றோம். போட்டோவுக்குன்னு எப்படிங்க?"

"பட்டுப்புடவையைப் படம் எடுத்து என்ன செய்யறது சாமி? நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னா, இதுதான் எங்க அம்பாள்னு எதைக் காட்டிச் சொல்லுவீங்க?"

குருக்கள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அலங்காரத் திரையைக் கொண்டுவந்து கட்டச் சொன்னார். நாங்கள் எல்லோரும் திரைக்கு வெளியே வந்துவிட்டோம். உள்ளே குருக்களும் பெரியவரும் பேரனும் மட்டும். ஷட்டர் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. முன்புறம், பின்புறம், இரு பக்கவாட்டு, பீடம், அப்புறம் ஒவ்வொரு குறையும் தனித்தனியாக: மழுங்கிய மூக்கு நுனி, ஒரு விரலில் வார்ப்பின்போதே விழுந்த சிறு குழி, முதுகில் பழைய ஒட்டு.

இந்தக் குறைகள்தான் சாட்சி. மெழுகு வார்ப்பில் உலோகம் ஊற்றி ஆறிய பின் அச்சை உடைத்தாக வேண்டும். ஒரே ஸ்தபதி ஒரே அளவில் இரண்டு வார்த்தாலும் திருவாசியின் சுடர்களும் பீடத்து இதழ்களும் அப்படியே பொருந்தாது.

திரையை விலக்கிய பின் நாங்கள் உள்ளே போனோம். பீடத்தின் விளிம்பில் கைபட்டுத் தேய்ந்த எழுத்துகள் இருந்தன. நேரே பார்த்தால் வழவழப்பான பித்தளை நிறம் மட்டும்தான். பெரியவர் டார்ச்சைப் பீடத்தோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடித்தார். பள்ளங்களில் நிழல் தேங்கி எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. எனக்கு வேறொரு பழைய படம் நினைவுக்கு வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமான அடித்தளத்துக் கல்வெட்டுகளை 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி படமெடுத்தார். சென்னை மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரர் அவர். 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கும் நீளமான ஒரே பட்டையாக்கினார். காகித நெகட்டிவ் காலத்தில் அந்த வரிகளைப் பிடித்தவர் வெளிச்சத்துக்காக எவ்வளவு காத்திருப்பார் என்பது, இந்த டார்ச்சைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மாலையில் பெரியவர் வீட்டில் பழைய யாஷிகாவைக் காட்டினார். 120 ரோலில் 12 படம். குனிந்து பார்க்கும் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். "பன்னெண்டுதான்கிறதால, அமுக்கறதுக்கு முன்னாடி முழுசாப் பார்த்துடுவோம் தம்பி." நெகட்டிவ் பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறியது. அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கினால் இந்த வாடை வரும். பக்கத்தில் உள்ள நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். டெல்டா ஈரத்தில் அது இன்னும் வேகம். நெளிந்தவற்றைத் தனி டப்பாவில் ஒதுக்கி வைத்திருந்தார். கல்யாண நெகட்டிவ்களில் பென்சிலால் தொட்டுப் பருவையும் சுருக்கத்தையும் மறைத்த இடங்களை லென்ஸ் வைத்துக் காட்டினார். அத்தனை நுணுக்கமான கை. "சாமி படத்துல மட்டும் பென்சிலே வைக்க மாட்டேன்" என்றார்.

அவர் சொன்னதன் எடை என்னவென்று புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படக் காப்பகத்தைப் பற்றி அறிந்தவர்களுக்குத் தெரியும். 1955இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் படமெடுத்தது. கலை வரலாற்று ஆய்வுக்காக எடுத்தவை. திருட்டைப் பிடிக்க எடுத்தவை அல்ல. தரங்கம்பாடி அருகே ஆனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலின் ராமர், சீதை, லட்சுமணர் 1958 ஜூனில் அப்படிப் படமானார்கள். 1978இல் திருடுபோனார்கள். அந்த 1958 படத்தை வைத்து அடையாளம் கண்டு, 2020 செப்டம்பரில் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைத்தார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. 1994இல் எடுத்த கோயில் படங்கள் அவர் எங்கிருந்து போனார் என்பதைக் காட்டின, 2014இல் திரும்பினார்.

இன்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஆயிரக்கணக்கில் செல்போன் படங்கள் எடுக்கிறோம். மாலையும் பட்டும் மூடிய அந்தப் படங்கள் பக்திக்குப் போதும். உரிமையை நிலைநாட்டப் போதாது.

ஆகவே உங்கள் ஊர்க் கோயிலில் உற்சவர் இருந்தால் குருக்களிடமும் பெரியவர்களிடமும் பேசி இந்த வேலையைச் செய்துவிடுங்கள். விலை உயர்ந்த கேமரா வேண்டாம். பக்கத்தில் அளவுகோல் வையுங்கள், பின்புறத்தை விடாதீர்கள், எந்தக் கீறலையும் அழகுபடுத்தாதீர்கள். ஊர், தேதி, உயரம் எழுதிக் காகிதத்தில் அச்சிட்டு, ஒரு படியைக் கோயிலிலும் ஒன்றை அறநிலையத் துறை அலுவலகத்திலும் இன்னொன்றை வேறோர் ஊரிலும் வையுங்கள்.