மதிய வேளை மாத்திரை

நம் நாட்டுப்புறப் பங்குகள் பலவற்றில் பங்குத்தந்தையே நடுநிலைப்பள்ளியின் தாளாளராகவும் இருக்கிறார். ஆகவே, ஞாயிறு மறையுரையை ஆயத்தம் செய்யும் அதே மேசைக்குத்தான் கழிவறைக் கதவின் செலவுக் கணக்கும், சத்துணவுப் பதிவேடும், பிள்ளைகளின் காய்ச்சலும் வந்து சேர்கின்றன. குருமடத்தில் எங்களுக்குப் பல ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் கற்பித்தனர். வலிப்பு வந்த பிள்ளையை எவ்வாறு படுக்க வைப்பது என்பதை எவரும் கற்பிக்கவில்லை. பள்ளியில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பதைப் பற்றிப் பெற்றோரிடம் சில செய்திகளைச் சொல்ல விழைகிறேன்.

முதலில், அரசு அளிக்கும் மருந்துகள். 6ஆம் வகுப்பு முதல் மாணவ மாணவியர்க்கு வாரம் ஒரு நீல நிற மாத்திரை வழங்கப்படுகிறது. அதில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. சின்னஞ்சிறு வகுப்பினர்க்கு அளவு குறைந்த இளஞ்சிவப்பு மாத்திரை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர்கள். இவ்வளவு இருந்தும், பள்ளி வளாகத்தைப் பெருக்கும் அம்மையார் மதிற்சுவரின் ஓரத்தில் நீல மாத்திரைகளைக் கூட்டி அள்ளி வந்து என்னிடம் காட்டினார். விசாரித்தபோது, “மலம் கறுப்பாகப் போகிறது, வேண்டாம் என்று பாட்டி சொன்னார்” என்று விடை வந்தது. இரும்புச் சத்து உண்டால் மலம் கறுப்பது இயல்பு. அதனால் கேடொன்றும் இல்லை. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். எனவேதான் மதிய உணவுக்குப் பின் கொடுக்கிறோம். உடனே தேநீர் அருந்தினால் சத்து உடலில் சேராது. ஒரு நெல்லிக்காயைத் தின்றால் நன்றாகச் சேரும். பாட்டிமார் இதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பூச்சி மாத்திரையும் அவ்வாறே. 2015 முதல் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று கொடுக்கப்படுகிறது. அதை மென்று தின்ன வேண்டும். அன்று நோயுற்றிருக்கும் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை, நலமடைந்தபின் கொடுக்கலாம். இவை தவிர, 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அரசு பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றனர். அவர்கள் வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். மற்ற நாள்களில் நம் நடுநிலைப்பள்ளிகளில் செவிலியர் எவரும் இல்லை. ஒரு முதலுதவிப் பெட்டியும் ஆசிரியைகளின் நல்ல மனமும் மட்டுமே உள்ளன.

அந்த நல்ல மனத்தைப் பற்றித்தான் எனக்கு அச்சம். காய்ச்சலால் சுருண்டு கிடக்கும் பிள்ளையைக் கண்டதும் ஆசிரியை தம் கைப்பையைத் திறந்து, தாம் விழுங்கும் மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். இரக்கம்தான், ஆயினும் ஆபத்து. பாரசிட்டமால் பிள்ளையின் எடைக்கேற்ப, கிலோ ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுக்க வேண்டிய மருந்து. 20 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை அளவுக்கு மிஞ்சியதாகும். தாய் காலையில் ஒன்று கொடுத்து அனுப்பியதையும் பள்ளி அறியாது. ஆஸ்பிரின் இன்னும் தீது. நச்சுயிரிக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு அது மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோயைக் கொணரக்கூடும். நிமெசுலைடு என்னும் மருந்தை 12 வயதுக்குட்பட்டோர்க்குக் கொடுக்கக்கூடாதென 2011இலேயே நடுவண் அரசு தடைசெய்தது. 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராப் பகுதியில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். டைஎதிலீன் கிளைகால் என்னும் நஞ்சு கலந்திருந்த அம்மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டதாகும்.

ஆதலால், எங்கள் பள்ளியில் சில விதிகளை வகுத்தோம். பெற்றோர் எழுதிக் கையொப்பமிட்ட கடிதமும் மருத்துவரின் சீட்டும் இன்றி எந்த மாத்திரையும் கொடுப்பதில்லை. மருந்து, கடையில் வாங்கிய அட்டையோடே வரவேண்டும். காகிதத்தில் மடித்து வரும் மாத்திரை வீட்டுக்கே திரும்பிப் போகும். தலைமையாசிரியையிடம் உள்ள பூட்டிய அலமாரியில் அதை வைத்து, கொடுத்த நேரத்தைப் பதிவேட்டில் குறிக்கிறோம். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சிழுப்பான் மட்டும் விலக்கு. அது பிள்ளையின் பையிலேயே இருக்க வேண்டும், பூட்டிய அலமாரியின் சாவியைத் தேடும் நேரத்தை அந்நோய் தராது. மாதவிலக்கு வலியால் துடிக்கும் சிறுமியருக்கு வெந்நீர்ப் புட்டியும் படுக்க ஒரு பாயும் தருகிறோம். அவர்களுக்கும் கடிதமின்றி மாத்திரை இல்லை என்றபோது அருட்சகோதரி ஒருவர் என்னோடு வாதிட்டார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆண்டின் தொடக்கத்திலேயே தாய்மாரிடம் கடிதம் பெற்று வைப்பது என்று முடிவாயிற்று.

விதி எழுதுவது எளிது. பெற்றோர் மறைக்கும் நோய்க்கு விதி என்ன செய்யும்?

7ஆம் வகுப்பில் பயின்ற ஒரு சிறுமிக்கு நண்பகலில் வலிப்பு வந்தது. எவருக்கும் அவள் நோய் தெரியாது. ஒருவர் இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்; மற்றொருவர் வாயில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் புரையேறி, வலிப்பைவிட அதுவே அவளைத் திணறச் செய்தது. இறையருளால் பிழைத்தாள். மாலையில் தாய் கோயில் முற்றத்துக்கு வந்து அழுதார். மூன்று ஆண்டுகளாக மருத்துவம் நடந்து வருகிறதாம்; நாளொன்றுக்கு மூன்று வேளை மாத்திரையாம். மதிய மாத்திரையைத் தாவணி ஊக்கில் கோத்த சிறு பொட்டலத்தில் வைத்து, ஒருவரும் காணாமல் விழுங்கும்படி அனுப்புவாராம். தோழியர் பார்த்துவிடுவார்களே என்று மகள் பல நாள் விழுங்காமல் இருந்திருக்கிறாள். மாத்திரை தவறினால் வலிப்பு வருவது மருத்துவர்கள் நன்கறிந்த காரியம்.

“ஏம்மா, பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு இவளை யாரு சாமி கட்டுவா?” என்றார் அவர்.

இதற்கு என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. அத்தாய் வீண் அச்சம் கொண்டாரென்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊரை அவர் என்னைவிட நன்கு அறிவார். மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனைக் கூட்டத்தின் நடுவே கொண்டு வருகிறார். சிறு வயது முதல் எவ்வாறு விழுந்தான், நெருப்பிலும் நீரிலும் எப்படி விழுந்தான் என்று எல்லாருடைய செவியிலும் படச் சொல்கிறார். அந்தத் தகப்பனுடைய விசுவாசத்தைப் பற்றிப் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். அவர் அன்று பொருட்படுத்தாமல் விட்ட வெட்கத்தைப் பற்றி அத்தாயின் முன் நின்றபோதுதான் நினைத்தேன். சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தில் மருத்துவரையும் மருந்தையும் மதிக்கச் சொல்வதையும் அவருக்கு எடுத்துக் கூறினேன். அவர் தலையசைத்தார், ஆனால் நோயை எழுதிக் கொடுக்க இசையவில்லை.

இறுதியில், வகுப்பாசிரியையும் தலைமையாசிரியையும் தவிர வேறெவருக்கும் சொல்வதில்லை என்று வாக்களித்தபின் இசைந்தார். மேலும் ஒன்று செய்தோம். மதிய வேளையில் மாத்திரை விழுங்கப் பிள்ளை கூசுகிறாள் என்பதை மருத்துவரிடமே சொல்லும்படி அனுப்பினோம். மூன்று ஆண்டுகளாக அவரிடம் அத்தாய் இதைச் சொன்னதே இல்லை. அவர் கேட்டுவிட்டு, நெடுநேரம் வேலை செய்யும் மாத்திரையாக மாற்றி, காலையும் இரவும் மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தார். எல்லா நோய்க்கும் இவ்வாறு மாற்ற இயலாது. கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. மருத்துவரைக் கேளாமல் நீங்களே வேளையை மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

ஆசிரியர்கள் இப்போது அறிந்திருப்பதை நீங்களும் அறிந்துகொள்ளுங்கள். வலிப்பு வந்தால் சாவியும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். வாயில் எதையும் வைக்கக்கூடாது. கை கால்களை அழுத்திப் பிடிக்காமல், சுற்றிலும் உள்ள கல்லையும் பலகையையும் அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108க்கு அழைக்க வேண்டும். இந்நோயுள்ள பிள்ளைகளைத் தனியே கிணற்றிலோ குளத்திலோ குளிக்க விடலாகாது.

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் ஓர் அட்டை கொடுத்தனுப்புவோம். அதில் ‘பள்ளி அறிய வேண்டிய நோய்’ என்று ஒரு வரி இருக்கும்; பலரும் சிந்திக்காமல் ‘இல்லை’ என்று எழுதும் வரி அதுதான். எழுத விருப்பமில்லாதவர்கள் அவ்வரியை வெற்றாக விட்டு, தலைமையாசிரியையிடம் நேரில் வந்து பேசலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு அவரே எழுதிக் கொடுப்பார். வரும்போது மருத்துவச் சீட்டையும் எடுத்து வாருங்கள்.