வெள்ளத்தில் மூழ்கிய காரும் நாங்கள் கற்றுக்கொண்ட சட்டங்களும்



2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் ஆந்திரக் கரையைத் தொடுவதற்கு முன்பே சென்னையின் தென்பகுதியை மழை மூழ்கடித்துவிட்ட நாள். பள்ளிக்கரணையை ஒட்டிய எங்கள் தெருவில் ஃபஜ்ருக்கு எழுந்தபோது கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. லுஹருக்குள் அது இடுப்பைத் தொட்டது. வீட்டின் கீழே நிறுத்தியிருந்த கார் இரண்டு நாட்கள் ஸ்டீயரிங் மட்டம்வரை நீரில் நின்றது. அந்த இரண்டு நாட்களில் காரைப் பற்றி எங்களில் எவரும் கவலைப்படவில்லை. குடிநீரும் மின்சாரமும் இல்லாத வீட்டில், சர்க்கரை நோயாளியான உம்மாவின் இன்சுலினை எப்படிக் கெடாமல் வைப்பது என்பதே பெருங்கவலையாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர்கள் அனைத்தும் பத்திரமாக இருந்தன.

தண்ணீர் வடிந்த பிறகு தொடங்கிய கதை இது. அடுத்த மழைக்கு முன் யாருக்கேனும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இருக்கைவரை நீர் ஏறிய வேளையில், எங்கள் மூத்த மகன் வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று எண்ணி உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினான். ஒரே ஒரு முறைதான். வண்டி அசையவில்லை, அவன் இறங்கி வந்துவிட்டான். அந்த ஒரு திருப்பல் எத்தனை பெரிய கேள்வியாக வந்து நிற்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

இழுவை வண்டி கிடைத்துப் பட்டறைக்குக் கொண்டுசேர்க்க ஆறு நாட்களாயின. பட்டறையில் நூற்றுக்கணக்கான கார்கள் சேறு பூசிக்கொண்டு வரிசையில் நின்றன. இரண்டாவது வாரம் மதிப்பீடு வந்தது: பழுதுபார்க்க 3,62,000 ரூபாய். அதில் எஞ்சின் தொடர்பான வேலை மட்டும் 1,30,000. மதிப்பீட்டைக் கையில் கொடுத்த பட்டறைக்காரர் குரலைத் தாழ்த்தி, “பாய், சர்வேயர் கேட்டா தண்ணியில சாவி போட்டத மட்டும் சொல்லிடாதீங்க” என்றார். நல்ல மனிதர், எங்கள் நன்மைக்காகவே சொன்னார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை விளக்க வேண்டும். வெள்ளமும் புயலும் முழுக் காப்பீட்டில் அடங்கிய ஆபத்துகள்தாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் தம் வண்டிக்கென்று ஒரு பைசாவும் கிடைக்காது. ஆனால் நீர் புகுந்த எஞ்சினை ஓட்ட முயன்றால் வேறு கேடு நேர்கிறது. காற்றைப் போல நீர் சுருங்காது. சிலிண்டருக்குள் நீர் நிற்க, பிஸ்டன் மேலெழுந்து அதை அழுத்தினால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதை வெள்ளத்தின் நேரடிச் சேதமாகக் கருதாமல், உரிமையாளரின் செயலால் நேர்ந்த பின்விளைவு என்று சொல்லி நிறுவனங்கள் மறுப்பது வழக்கம். ‘எஞ்சின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் காப்பை எடுத்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நாங்கள் அதை எடுக்கவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். பாலிசியின் முதல் பக்கத்தில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். உற்பத்தியாளரின் விற்பனை விலையிலிருந்து வண்டியின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து, காப்பீட்டுக்காக முன்கூட்டியே அறிவித்துக்கொள்ளும் மதிப்பு அது. மூன்றிலிருந்து நான்கு வயதுவரை 40 விழுக்காடும், நான்கிலிருந்து ஐந்து வயதுவரை 50 விழுக்காடும் கழியும். ஐந்து வயதைக் கடந்தால் இருதரப்பும் பேசி முடிவுசெய்வது. எங்கள் பாலிசியில் அது 4,20,000. மீட்டுப் பழுதுபார்க்கும் மொத்தச் செலவு ஐ.டி.வி.யில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. பட்டறைகளில் இதை ‘டோட்டல் லாஸ்’ என்பார்கள். எங்களுக்கு அந்த எல்லை 3,15,000. மதிப்பீடு அதைத் தாண்டியிருந்தது. ஆனால் எஞ்சின் வேலையைப் பின்விளைவு என்று ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது 2,32,000 மட்டுமே. அப்போது அது முழு இழப்பாகாது, பழுதுபார்ப்புக் கோரிக்கையாகிவிடும். அதிலும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் பாதி விலைதான் கிடைக்கும். நான்கு வயது தாண்டிய வண்டியின் உலோக பாகங்களில் 35 விழுக்காடு கழிப்பார்கள். எஞ்சின் செலவு முழுவதும் எங்கள் தலையில் விழும். சேறு குடித்த ஒரு காரைத் திரும்பப் பெறுவதற்கு நாங்கள் இரண்டு லட்சம் கொடுக்க வேண்டியிருக்கும்!

அன்றிரவு வீட்டில் நடந்த பேச்சை மறக்க முடியாது. “ஊர் உலகமே அப்படித்தான் எழுதிக் கொடுக்குது. வருஷா வருஷம் பிரீமியம் வாங்கினானே, அப்போ எதையாவது மறைச்சானா, விளக்கினானா?” என்றார் சாச்சா. அவர் வாதத்தில் நியாயமே இல்லை என்று எங்களால் சொல்ல முடியவில்லை. காப்பீடே நமக்கு ஆகுமா என்று கேட்கும் பெரியவர்களும் எங்கள் குடும்பத்தில் உண்டு. மலேசியாவில் இருப்பது போன்ற தகாஃபுல் ஏற்பாடு நம் நாட்டில் இல்லை; மோட்டார் வாகனச் சட்டமோ மூன்றாம் நபர் காப்பீடில்லாமல் சாலையில் ஓட்டவே விடாது. அந்த விவாதத்தை ஆலிம்களிடமே விட்டுவிடுகிறோம். எங்கள் முன்னிருந்த கேள்வி அதைவிடச் சிறியது: நாளை வரும் மனிதர் நேருக்கு நேராகக் கேட்டால் என்ன சொல்வது?

உம்மாதான் பேச்சை முடித்தார். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நினைவூட்டினார். “அதுவும் மழைத் தண்ணிதானே வாப்பா” என்றார். அதற்குமேல் சாச்சாவும் ஒன்றும் பேசவில்லை. மகன் மட்டும், தன் அவசரத்தால் குடும்பத்துக்கு நட்டம் வரப்போகிறதே என்று இரவெல்லாம் உறங்காமல் கிடந்தான்.

சர்வேயர் வந்தார். களைத்த முகம்; அன்று அது அவருக்கு எத்தனையாவது வண்டியோ! அவர் கேட்பதற்கு முன்பே நடந்ததைச் சொன்னோம். தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். எஞ்சினைப் பிரித்துப் பார்க்க உத்தரவிட்டார். மூன்று நாள் கழித்துப் பிரித்தார்கள், நாங்களும் உடனிருந்தோம். சிலிண்டருக்குள் வண்டல் கலந்த நீர் இருந்தது. ஆனால் நான்கு ராடுகளும் வளையாமல் நேராக நின்றன. சாவியைத் திருப்பியபோது மின்சுற்று ஏற்கெனவே செயலிழந்திருந்ததால் எஞ்சின் ஒரு சுற்றுகூடச் சுழலவில்லை. நீரில் நின்றதே கெடுதலுக்குக் காரணம். பின்விளைவு எதுவும் இல்லை. இதைப் படங்களோடு அவர் அறிக்கையில் எழுதினார். ராடு வளைந்திருந்தால் இரண்டு லட்சம் போயிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: நீர் ஏறிய வண்டியில் சாவியைத் தொடவே கூடாது. தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று தெரியும்படி படம் எடுங்கள். பாதுகாப்பாக முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களைக் காப்பாற்றியது அந்த நகல்தான்.

ஏனெனில் ஜனவரியில் நிறுவனத்திடமிருந்து வந்த கடிதம் வேறொரு கணக்கைச் சொன்னது. வண்டி முழு இழப்பு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதன் இன்றைய சந்தை மதிப்பு 3,30,000. சிதைந்த வண்டியின் மதிப்பு 1,25,000. எனவே 2,05,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டு, வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே முழு ஒப்புதல் ரசீது ஒன்று, கையெழுத்துக்காக. தொலைபேசியில் பேசியவர், “இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா ஒரு வாரத்துல பணம் வந்துடும் சார்” என்றார்.

பணமுடை இருந்த நேரம்தான். ஆயினும் பாலிசியின் சிற்றெழுத்துகளை வரி வரியாகப் படித்தோம். முழு இழப்பாகும்போது ஐ.டி.வி.யே சந்தை மதிப்பு என்றும், பாலிசிக் காலம் முழுவதும் அதில் மேலும் தேய்மானம் கழிக்கப்படாது என்றும் அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. எங்கள் வகைக் காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். ஆகவே எங்களுக்கு உரியது 4,19,000. வண்டியை நாங்கள் வைத்துக்கொண்டால் அதன் நியாயமான மதிப்பைக் கழிக்கலாம். அவர்களிடம் கொடுத்துவிட்டால் கழிக்க இடமில்லை. ரசீதில் கையெழுத்திடாமல், அந்த விதியைச் சுட்டிக்காட்டி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். இரண்டு வாரத்துக்குள் பதில் வந்தது: ஐ.டி.வி.யை ஏற்றுக்கொள்கிறோம். வருத்தம் தெரிவித்து ஒரு வரியும் இல்லை!

பதில் வராமலோ மறுத்தோ இருந்தால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போயிருப்போம். சென்னையில் அந்த அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. நிறுவனத்திடம் முறையிட்டு ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் போக வேண்டும். 2023 நவம்பர் முதல் 50 லட்சம் ரூபாய்வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். அதற்கும் அப்பால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாங்கள் பழைய சேமிப்பிலிருந்து வாங்கிய கார் என்பதால் பணம் நேரே எங்களுக்கு வந்தது. கடன் நிலுவை இருக்கும் வண்டியென்றால் முதலில் வங்கிக்கே போகும் என்பதையும் அறிந்திருங்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோதுதான் காயலான் கடை வியாபாரி வந்தார். சிதைந்த வண்டியை 1,25,000 ரூபாய்க்கு ஏலம் கேட்டிருந்தவர் அவர். வழக்கமான ஏற்பாடு என்னவென்றால், அந்தத் தொகையை அவர் எங்களுக்குத் தருவார், மீதியை நிறுவனம் தரும். ஆனால் அவர் வண்டியைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அசல் ஆர்.சி. புத்தகம் வேண்டும், உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் பெயரும் தேதியும் எழுதாமல் வெறும் கையெழுத்து வேண்டும் என்றார். ஆர்.சி. இல்லையென்றால் என்ன விலை என்று கேட்டோம். சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் பொருள் பிறகுதான் விளங்கியது. சிதைந்த வண்டியின் இரும்பைவிட அதன் எண்ணுக்கும் காகிதத்துக்கும் விலை அதிகம். அதே நிறம், அதே மாடலில் திருடிய ஒரு காருக்கு அந்தச் சேசிஸ் எண்ணைப் பொறித்துவிட்டால் அது சட்டபூர்வமான காராகிவிடும். அல்லது மேலுக்குத் துடைத்து, வாசனை அடித்து, வெளிமாநிலத்தில் ஏதுமறியாத ஒரு குடும்பத்தின் தலையில் கட்டிவிடலாம். எல்லா வியாபாரியும் அப்படிச் செய்வார் என்று சொல்லவில்லை. எங்களிடம் வந்தவரின் எண்ணம் அல்லாஹ்வுக்கே தெரியும். ஆனால் எங்கள் பெயரிலேயே அந்த வண்டி ஓடி ஒருவரை மோதினால்? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கில் கார் பலமுறை கைமாறியிருந்தது. பதிவு மட்டும் மாறவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு, நிரந்தரமாகப் பயன்படுத்த இயலாமற்போன வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, பதிவுச் சான்றை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. பதிவை ரத்து செய்த பிறகே வண்டியைக் கொடுப்போம், ஆர்.சி. இல்லாத விலைக்கே ஏலம் விடுங்கள் என்று நிறுவனத்துக்கு எழுதினோம். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. புதிய ஏலத்தில் வந்த உயர்ந்த விலை 48,000 ரூபாய். 77,000 ரூபாய் வித்தியாசத்தை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கள் உரிமைத் தொகை 4,19,000. அதில் சட்டத்துக்கு உட்பட்டு விற்றால் என்ன கிடைக்குமோ அதைத்தான் கழிக்கலாம் என்று மறுபடியும் எழுதினோம். இழுபறியில் ஒரு மாதம் கழிந்தது. சாச்சா இந்த முறை எங்கள் பக்கம். கடிதத்தின் இரண்டாவது வரைவை அவரே திருத்திக் கொடுத்தார்.

இறுதியில் நிறுவனம் 3,71,000 கொடுத்தது. புதிதாக வந்த வியாபாரி 48,000 கொடுத்தார். அவருக்கு ஆர்.சி.க்குப் பதிலாகப் பதிவு ரத்தான ஆணையின் நகலைத்தான் கொடுத்தோம். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “சீட்டு, டேஷ்போர்டு எல்லாம் பிரிச்சு வித்தா எனக்குக் கட்டுப்படியாகும் பாய்” என்றார். அவர் கிரேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனபோது, முன் கண்ணாடியில் உம்மா ஒட்டியிருந்த பயண துஆ ஒட்டிதழைக் கிழியாமல் எடுக்க மகன் நெடுநேரம் முயன்றான். பாதிதான் வந்தது.

ரமலானுக்குப் பிறகு பழைய கார் ஒன்று வாங்கினோம். வாங்குவதற்கு முன் அதன் தரைவிரிப்பைத் தூக்கி, சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்து, சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தவன் மகன்தான். எஞ்சின் பாதுகாப்புக் காப்பும் எடுத்தாயிற்று. மழை எச்சரிக்கை வந்தால் முதல் நாள் இரவே அதைப் பள்ளிவாசலுக்குப் பின்புறமுள்ள மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறான்; தெருக்காரர்களின் வண்டிகளுக்கும் அங்கே இடம் கொடுக்க நிர்வாகிகள் இசைந்திருக்கிறார்கள்.