ஆறப் பொறுத்தல்

பிரிவு உபசாரக் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "முப்பது வருஷம் டீ குடிச்சே சம்பளம் வாங்கினவர்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். குடித்தால்தானே! நாளைக்கு முன்னூறு கோப்பையை உறிஞ்சி, முன்னூறையும் ஸ்பிட்டூனில் துப்பியவன் நான். வீட்டில் எனக்குக் காப்பிதான்.

தேயிலை ருசி பார்க்கும் வேலைக்காக நான் வால்பாறையிலிருந்து கொச்சி வில்லிங்டன் தீவுக்கு வந்தபோது கூவி ஏலம் விட்டுச் சுத்தியல் தட்டினார்கள். 1947இல் தொடங்கிய கொச்சித் தேயிலை ஏலம் இப்போது கணினித் திரைக்குள் போய்விட்டது. அது போகட்டும்.

ருசி பார்க்கும் கோப்பைக்கு 2.8 கிராம் தூள், 140 மில்லி கொதிநீர், ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷம் யாருக்கும் பெரிதில்லை, மணி அடித்துவிடும். அதற்குப் பிறகுதான் சிரமம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மட்டாஞ்சேரிக்காரர். முதல் மாதம் எஸ்.ஆர்.டி. ரகத் தூள் லாட் ஒன்றைச் சூட்டோடு உறிஞ்சி, "நல்ல பிரிஸ்க், நல்ல நிறம் சார்" என்று துள்ளிக்கொண்டு விலை சொன்னேன். அவர் கோப்பையைத் தொடவே இல்லை. "சூடாறட்டே மோனே" என்று வராந்தாவுக்குப் போய்க் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம். எனக்கோ நிலைகொள்ளவில்லை. திரும்பி வந்து கரண்டியை நீட்டினார். உறிஞ்சினேன். நாக்கின் அடியில் புகை! ட்ரையர் அடுப்புக் குழாயில் எங்கோ ஒரு விரிசல். சூடு அதை என்னிடமிருந்து மறைத்திருந்தது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

அன்றிலிருந்து சந்தேகமான கோப்பை எதையும் ஆறவிடாமல் நான் விலை எழுதியதில்லை. இன்றைய பையன்கள் ஒரு கையில் கரண்டி, மறு கையில் கைப்பேசி. மேசையை ஒரு சுற்று ஓடி வந்து போன வார விலையில் ஐந்து ரூபாய் கூட்டிக் குறைத்துப் பதிகிறார்கள். கேட்டால், "ஆறின கஞ்சி பழங்கஞ்சி சார்" என்று எனக்கே பழமொழி சொல்கிறார்கள்.

கடைசி நாள் காலை மேசையோரம் ஒரு கோப்பையை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தேன். ஆற ஆற லிக்கர் மெல்லக் கலங்கி, மேலே பாலாடை நிறம் படர்ந்தது. இப்படி க்ரீம் ஆகிற நல்ல தேயிலையை அவ்வளவு தெளிவாகப் பார்த்து வருஷமாகிறது. அந்தப் பையன்களில் ஒருவன் வந்து எட்டிப் பார்த்தான்.

"கலங்கிப்போச்சே சார், கொட்டிரட்டுமா?"

ஏலக் கேட்டலாக்கைப் புரட்டினேன். அன்றைக்கு அவன் ஆகக் குறைவாக விலை போட்டிருந்தது அந்த லாட்டுக்குத்தான்.