இலுப்பைப்பூ

‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை’ என்று சொல்லாத தமிழர் இல்லை. ஆனால் அப்பூவைக் கண்டவரும் சுவைத்தவரும் நம்முள் எத்தனை பேர்? அணுசக்தி நகருக்குக் குடிவரும் வரை நானும் கண்டதில்லை.

2012ஆம் ஆண்டு சித்திரை மாதம். எங்கள் வீட்டில் வேலை செய்துவந்த வார்லி இனத்து அம்மையார், ஜவ்ஹார்ப் பக்கத்துத் தம் மலையூருக்குச் சென்று திரும்பினார். பிள்ளைகள் அவரை ‘மௌசி’ என்று அழைப்பார்கள். முந்தானையில் முடிந்து வந்ததை என் அன்னையின் கைகளில் கொட்டினார். உலர்ந்த திராட்சை போன்ற பழுப்பு நிறப் பூக்கள். “மோஹா” என்றார்.

இப்பூ இரவில் மலர்ந்து விடியலில் உதிருமாம். வெயில் ஏறுமுன் பெண்களும் சிறுவரும் கூடையோடு சென்று பொறுக்குவராம். நன்கு உலர்த்திவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. பானை நீரில் ஊறவைத்தால், பூவிலுள்ள சர்க்கரை தானே நொதித்து, சில நாளில் நுரை பொங்கி அடங்கும். அந்நிலையில் வடித்தால் புளிப்பும் இனிப்பும் கலந்த மது. காய்ச்சி ஆவியைக் குளிரவைத்தால் சாராயம். முதற்சில துளிகளை மண்ணுக்குப் படைத்த பின்னரே தாங்கள் பருகுவதாக மௌசி சொன்னார்.

சங்கச் சான்றோர் ‘தேறல்’ என்றதும் தெளிந்த மதுவைத்தான். அதியமான் தம்மோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதை நினைந்து ஔவையார் புலம்பிய புறநானூற்றுப் பாடலைக் கல்லூரியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றவன் நான். அத்தகைய நான், மது என்ற சொல்லைக் கேட்டதும் திடுக்கிட்டேன்.

“அம்மா, இது சாராயப்பூ. அரசாங்கக் குடியிருப்பில் இதை வைத்திருந்தால் என் வேலைக்கே கேடு. திருப்பிக் கொடுத்துவிடு” என்று மௌசியின் முன்னாலேயே சொன்னேன். தமிழ் புரியாவிட்டாலும் குரல் புரியாதா? அவர் ஒன்றும் பேசாமல் மீண்டும் முந்தானையை விரித்தார்.

அன்னை கைகளை மூடிக்கொண்டார்.

“இது நம் இலுப்பைப்பூடா. மாயவரத்துப் பக்கம் எங்கள் ஊர்த் தோப்பில் பொறுக்கி, வறுத்து இடித்துத் தின்றுதான் ஒரு கோடையைக் கழித்தோம். வெளியே சொல்லாதே என்றார் உன் தாத்தா. இதுநாள் வரை நானும் சொல்லவில்லை.”

அன்று மாலை அன்னையும் மௌசியும் அடுக்களைத் தரையில் அமர்ந்து, வறுத்த பூவைப் பகிர்ந்து தின்றனர். இருவருக்கும் பொதுமொழி அரைகுறை இந்திதான். ஆயினும் அவர்கள் பேச்சு நெடுநேரம் நீண்டது. என்னை ஒருவரும் அழைக்கவில்லை.

பின்னர் நூல்களைப் புரட்டினேன். தமிழகத்து இலுப்பையும் வடக்கே உள்ள மோஹாவும் ஓரினத்தின் இரு வகைகளே. 1892இல் பம்பாய் மாகாண அரசு இப்பூவுக்கென்றே ஒரு சட்டம் இயற்றிக் கட்டுப்படுத்தியது. 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமும் இதைப் பெயர் சொல்லிக் குறித்தது. ஆகவே என் அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் சட்டம் அப்பூவில் சாராயத்தைக் கண்டதேயன்றி, ஏழையின் கோடை உணவைக் காணவில்லை. கோப்புகளோடு பழகிய என் கண்ணும் அதையே கண்டது. என் அன்னை உண்டு வளர்ந்த உணவை, அவர் முன்னிலையிலேயே நான் குற்றப்பொருள் ஆக்கிவிட்டேன்.

இன்று அன்னை இல்லை. மௌசியும் தம் ஊரோடு போய்விட்டார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழமொழியைச் சொல்ல நேரும்போதெல்லாம், விரித்த அந்த முந்தானை நினைவுக்கு வருகிறது. சொல் பாதியில் நின்றுவிடுகிறது.