பன்னிரண்டு துளைகள்

சென்ற மாரியில் வாவி பெருகி, தன்னாமுனையில் நாம் குடியிருக்கும் வீட்டின் வாசற்படியைத் தண்ணீர் கடந்தது. நிலத்தில் அடுக்கியிருந்த நூல்களுட் பல ஊறிப்போயின. அடுத்த மாரிக்கு முன்னர் சுவரில் ஓர் இறாக்கை பொருத்துவதென முடிவு செய்தோம். மூன்று பலகைகள், ஆறு தாங்கிகள், பன்னிரண்டு துளைகள், வேலை அவ்வளவே.

பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற எமக்குத் துரப்பணம் என்ற சொல்லுக்கு வேர் காட்டத் தெரியும். துரப்பணத்தைக் கையிற் பிடிக்கத் தெரியாது. ஆகவே பழைய மாணவன் ஒருவனைத் துணைக்கழைத்துக்கொண்டு மட்டக்களப்புக்குச் சென்றோம். அவன் ஓடாவி ஒருவரின் மகன். சாதாரண தரத்தில் தவறியபின் தந்தையோடு தொழில் செய்பவன். கடையில் எமது கை மிகப் பெரிய பொறியையே நாடியது.

"சேர், அது கொங்கிறீட்டு உடைக்கிற ஆக்களுக்கு. உங்களுக்கு இது காணும்" என்று அவன் வேறொன்றை எடுத்துத் தந்தான். அறுநூறு வாற்று வலு. 13 மில்லிமீற்றர் வரை அலகு பிடிக்கும் வாய். விசையை அழுத்தும் அளவுக்கேற்பக் கூடிக் குறையும் வேகம். திருகாணியைக் கழற்றப் பின்னோக்கிச் சுழலும் வசதி. சீமெந்துச் சுவருக்கென அடித்துத் துளைக்கும் அமைப்பு. வீட்டு வேலைக்கு இதற்குமேல் வேண்டியதில்லை என்றான்.

வீட்டுக்கு வந்ததும், அவன் பலகையை அளந்துகொண்டிருக்க, நாமே முதற்றுளையைத் தொடங்கினோம். பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தினோம். புகை எழுந்தது, அலகின் நுனி நீலம் பாரித்தது, சுவரில் ஒரு சிறு குழியே விழுந்தது. மரத்துக்குரிய அலகைச் சீமெந்தில் ஓட்டியிருக்கிறோம்!

அவன் நகைக்கவில்லை. முதலில் மின்னிணைப்பைக் கழற்றினான். பின்னரே அலகை மாற்றினான். சுவருக்கு நுனியில் தங்ஸ்தன் காபைட்டு பதித்த அலகு வேண்டும்; மரத்துக்கும் ஓட்டுக்கும் அடிக்கும் அமைப்பை நிறுத்திவிட வேண்டும். ஆறு மில்லிமீற்றர் ரோல் பிளக்குக்கு ஆறு மில்லிமீற்றர் அலகு. துளை பிளக்கின் நீளத்தைவிடச் சற்று ஆழமாயிருக்க வேண்டும். அந்த ஆழத்தை அலகின்மேல் நாடா ஒட்டிக் குறித்துக்கொள்ளலாம். சொருகிக்கும் ஆளிக்கும் நேர் மேலும் கீழும் கம்பி ஓடக்கூடும், அங்கே துளைக்கலாகாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். கையுறையும் நெகிழ்ந்த சட்டைக்கையும் சுழலும் அலகிற் சிக்கும். "அமத்தாதீங்க சேர், அது தன்பாட்டில போகும், நீங்க நேராப் பிடிச்சாக் காணும்."

இந்தப் பொறுமையே எம்மைச் சுட்டது. புணர்ச்சி விதியைப் பிழையாகச் சொன்னதற்காக இவனை எத்தனை முறை வாங்கின்மேல் ஏற்றியிருக்கிறோம்! அன்று நாம் செய்ததும் அழுத்துவதன்றி வேறென்ன? பொருளின் தன்மை அறியாமல் அழுத்தினால் அலகு கருகும் என்பதை அவன் அறிந்திருந்தான். ஆசிரியராகிய நாம் அறிந்திருக்கவில்லை.

கையின் அறிவை இழிவாக எண்ணுவோர் இக்கருவியின் வரலாற்றையேனும் நோக்குவார்களாக. கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரல்விசையும் கொண்ட மின்துரப்பணத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் 1917இற் காப்புரிமை பெற்றது. அது தொழிற்சாலைக்கென்றே ஆக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொழிலாளர் அதனை வீட்டுக்கு எடுத்துச்சென்று தம் சொந்த வேலைகளுக்குப் பயன்படுத்தினர். அதனைக் கண்ட பின்னரே, 1946இல், வீட்டுப் பாவனைக்கான மலிவான துரப்பணத்தை அந்நிறுவனம் சந்தைக்கு விட்டது. இது வீட்டுக்கும் உதவும் என்று நிறுவனத்துக்குக் காட்டிக்கொடுத்தவர் தொழிலாளரே.

எமது பள்ளிகளோ எழுதிக் காட்டுவதையே அறிவெனக் கொண்டு, செய்து காட்டுபவனைத் தவறியவன் என வெளியே அனுப்புகின்றன. அவ்வாறு அனுப்பிய கைகளுள் எமது கையும் ஒன்று.

பன்னிரண்டாவது துளையை அவன் எம்மிடமே விட்டான். நேராகவே அமைந்தது. கூலி கொடுத்தபோது வாங்க மறுத்தான். உழைப்புக்குரியது என்று வற்புறுத்திக் கொடுத்தோம். புறப்படுகையில் இறாக்கையிலிருந்து ஒரு நூலை எடுத்துப் புரட்டி, "இதைக் கொண்டு போகட்டா சேர்?" என்றான். ஐந்தாண்டுகள் எமது வகுப்பில் இருந்தவன். ஒரு நூலை அவன் எம்மிடம் கேட்டது அதுவே முதன்முறை.