மிதிவெடி எடுக்கும் பெண்களுக்கு

அன்புள்ள அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

உங்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. ஏ9 வீதியால் பஸ்ஸில் போகும்போது, முகமாலைப் பக்கம், மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகளுக்கு அப்பால் வெயிலில் முழங்காலில் நிற்கும் உங்களைத் தூரத்தில் கண்டிருக்கிறேன், அவ்வளவுதான். பஸ்ஸில் இருப்பவர்களும் ஒருதரம் எட்டிப் பார்ப்பார்கள். பிறகு போனுக்குள் தலையை விடுவார்கள். அதற்குள்ளும் பெரும்பாலும் யுத்தம்தான் ஓடும்: காஸா, உக்ரைன், ஈரான். எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று பக்கத்து சீட்டுத் தம்பி விளக்கம் சொல்லுவார். பதுங்குகுழிக்குள் இருந்து எழும்பி வந்த சனம், இன்னொருவருடைய யுத்தத்தைக் கிரிக்கெட் மாதிரிப் பார்க்கப் பழகிவிட்டோம்.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது நெடுநாள் நினைப்பு. இப்போது எழுத வைத்தது ஐரோப்பாவிலிருந்து வந்த செய்தி. லித்துவேனியா, லத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளும், மிதிவெடியைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டு ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலகுவதென்று 2025இல் தீர்மானித்தன. அதற்கு முந்திய நவம்பரில்தான் உக்ரைனுக்கு மிதிவெடி கொடுக்க அமெரிக்கா சம்மதித்திருந்தது. பக்கத்தில் ரஷ்யா இருக்கிறது, பயப்படுவதில் நியாயம் உண்டு என்கிறார்கள். இருக்கலாம். முகமாலையில் புதைத்தவர்களுக்கும் பயம் இருந்தது, நியாயமும் இருந்தது.

2000ஆம் ஆண்டு ஆனையிறவுப் படைத்தளம் புலிகளிடம் விழுந்த பிறகு 2009 தை மாதம் வரை, கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று கடலிலிருந்து கடல்வரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்தை நெரித்துக்கொண்டு கிடந்தது அந்த முன்னரங்கு. ஒரு பக்கம் இராணுவம், மறுபக்கம் புலிகள். இராணுவம் பாகிஸ்தானில் செய்த பி4 வகை மிதிவெடியைப் புதைத்தது. புலிகள் தாங்களே செய்த ஜொனி, ரங்கன் என்ற மிதிவெடிகளைப் புதைத்தார்கள். எங்கள் மேடைகளில் முதலாவதைப் பற்றி மட்டும் பேச்சு வரும், தெற்கு மேடைகளில் இரண்டாவதைப் பற்றி மட்டும். இரண்டையும் ஒரே கையால் தூக்கி வெளியே வைப்பவர்கள் நீங்கள். யார் புதைத்தது என்று வாரியின் பல் கேட்பதில்லை.

அந்த வாரியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எத்தனையோ பேருக்கு இது தெரியாது. சண்டை நடந்த மண் முழுக்க இரும்புச் சிதறல். உலோகம் தேடும் கருவியைப் பிடித்தால் அடிக்கொருதரம் கத்தும். மிதிவெடியில் இருக்கும் உலோகமோ மிகச் சொற்பம். அதனால் பல இடங்களில் நீண்ட பிடி போட்ட வாரியால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டிக்கொண்டு முன்னேறுகிறீர்கள். மேலே அழுத்தம் பட்டால் வெடிக்கும் சாமான், ஆகவே பக்கவாட்டில்தான் அணுகவேண்டும். முகத்துக்கு மறைப்பு, உடம்பில் பாரமான அங்கி, முகமாலை வெயில். காலையிலிருந்து பாடுபட்டால் சில சதுர மீற்றர். அதற்குள் ஒரு வடலியின் வேர் குறுக்கே வந்தால் அன்றைய கணக்கு இன்னும் குறையும்.

யுத்தம் கணவனை எடுத்துக்கொண்ட பெண்ணே யுத்தம் விட்டுப்போன வெடியை எடுக்கிறாள் என்று பத்திரிகைகள் உங்களைப் பற்றி உருகி எழுதும். எனக்கு அந்த உருக்கம் ஒத்துவருவதில்லை. உங்களில் பலர் தனியே குடும்பம் தாங்குகிறவர்கள் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் பயிற்சி எடுத்து, தொழில் பழகி, மாதச் சம்பளம் வாங்கி, லீசிங்கில் ஸ்கூட்டி எடுத்து, பிள்ளையை டியூஷனுக்கு ஏற்றி இறக்குகிற தொழிலாளிகள். பெண்பிள்ளை களுசான் போட்டுக்கொண்டு விடியற்காலையில் வெளிக்கிட்டால் ஊர் வாய் என்ன சொல்லும் என்பது எனக்குத் தெரியும். அந்த வாய்கள் உங்களிடமே சீட்டுக் காசு கைமாற்றாகக் கேட்கும் என்பதும் தெரியும்.

பளைப் பக்கம் எங்கள் பெரியம்மாவுக்கு ஒரு தென்னங்காணி இருந்தது. இருக்கிறது என்று இப்போது சொல்லலாம், அதற்குக் காரணம் நீங்கள். தறிபட்ட மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் காய்க்கத் தொடங்கின. தேங்காய் விலை 200 ரூபாயைத் தொட்ட நேரம், காணிக்குள் பேரப்பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடித்திரிய, பெரியம்மா வாசலில் இருந்து வியாபாரியோடு பேரம் பேசினா. அந்தப் பேரத்துக்காகத்தான் இந்த நன்றி.

காணி திரும்பி வந்தால் போதாது என்பது வேறு கதை. 2025 மார்ச் கடைசியில் ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கில் கிட்டத்தட்ட 6,000 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அரச காணி. ஓடி ஓடி உறுதி தொலைத்த சனம் எதைக் காட்டும்? எதிர்ப்புக் கிளம்பியது, உயர் நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கம் பின்வாங்கியது. நீங்கள் நாள் முழுக்க முழங்காலில் நின்று ஓரிரு பாய் அகலம் மீட்கிறீர்கள், கொழும்பில் ஒரு கையெழுத்து ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கேள்விக்குறியாக்குகிறது. 2024 நவம்பர்த் தேர்தலில் எங்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில், அந்த அரசாங்கத்தின் கட்சியான தேசிய மக்கள் சக்தி மூன்று ஆசனங்களை எடுத்ததை மாற்றம் என்று ஒரு பகுதியும் துரோகம் என்று இன்னொரு பகுதியும் இன்னும் வாதாடுகின்றன. இரண்டு பகுதியும் எங்கள் படலைக்குக் கொண்டுவந்து தந்த துண்டுப்பிரசுரங்களில் உங்களைப் பற்றி ஒரு வரி இருக்கவில்லை.

உங்கள் சம்பளம் பெரும்பாலும் வெளிநாட்டுக் காசு. அந்தக் காசின் நிலை என்ன என்பதை 2025 ஜனவரியில் பார்த்தோம். வாஷிங்டனில் புதிதாகப் பதவியேற்ற ஜனாதிபதி வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தினார். அமெரிக்கப் பணத்தில் பல நாடுகளில் நடந்துவந்த கண்ணிவெடி அகற்றும் வேலையும் அதோடு நின்றது. மண்ணுக்குள் கிடப்பதற்கு மட்டும் எவராலும் விடுமுறை கொடுக்க முடியவில்லை.

2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் நிலம் முழுவதும் துப்புரவாக வேண்டும். நீங்கள் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்யச் செய்ய, உங்கள் வேலை கெதியாக முடிந்துவிடும். முகமாலையில் கடைசிப் பலகையைப் பிடுங்கும் நாளில் அமைச்சர்மார் வருவார்கள், நாடா வெட்டுவார்கள், பொன்னாடை கூடப் போர்த்தலாம். அடுத்த மாதம் லீசிங் தவணையை யார் கட்டுவது? கனரக இயந்திரப் பயிற்சியா, காணி அளவை உதவியாளர் வேலையா, அவசர மருத்துவச் சேவையா, எதுவானாலும் இப்போதே திட்டம் போட்டால்தான் அன்றைக்குக் கைகொடுக்கும். இதைக் கேட்கவேண்டிய இடம் கிளிநொச்சி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம். இந்த மடலின் ஒரு பிரதியை அந்த மாவட்டச் செயலகத்துக்கும், எங்கள் தேர்தல் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆறு பேருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பதில் வந்தால் அதையும் இதேபோல வெளிப்படையாகவே போடுவேன்.


யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பஸ் பயணி